நண்டு என்றாலும் அகப்பை என்றாலும் எட்டுதான்

பம்பரம் என்று எல்லோரும் கூப்பிடும் மனிதர் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தெருவில் குறைவு. டீயை நின்றுகொண்டு குடிப்பார். சாப்பாட்டு டப்பாவைக் கையில் ஏந்தி நடந்தபடியே காலி செய்வார். வீட்டிலும் அதே கதைதான். "கல்யாண போட்டோவுலகூட உங்க மூஞ்சி மட்டும் கலங்கித்தான் இருக்கு. ஒரு செகண்டு ஆடாம நின்னிருந்தா குறைஞ்சா போயிருப்பீங்க?" என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

பஸ், லாரிகளுக்கு உதிரி சாமான் விற்கிற மொத்தக் கடையில் அவர் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள வந்து இருபத்தாறு வருஷம். அகலத்தில் ஒரு லாரி நிற்கலாம், அவ்வளவுதான் கடை. உயரம் மட்டும் மூன்று மாடி. தட்டு தட்டாக இரும்பு, ரப்பர், அட்டைப் பெட்டி. கல்லாவுக்கு வந்த ஒருவர் "அண்ணே, ஒரு..." என்று வாயைத் திறப்பதற்குள் பம்பரம் இரண்டாம் மாடிப் படியில் இருப்பார். வந்தவர் எந்தப் பட்டறை, அங்கே என்ன வண்டி நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தால் என்ன சாமான் என்பதும் தெரிந்த மாதிரிதான்.

இந்தத் தொழிலில் ஒரு கூத்து உண்டு. பெட்டியில் அச்சடித்த பெயரை எந்த மெக்கானிக்கும் வாயால் சொல்லமாட்டான். காற்று பிரேக் வண்டியில் சக்கரத்துக்கு ஒன்று என்று ஓர் இரும்பு இருக்கும். பிரேக் தேயத் தேய இடைவெளியைக் குறைத்து இறுக்கிப் பிடிக்க வைப்பது அதுதான். பெட்டியில் அதன் பெயர் ஸ்லாக் அட்ஜஸ்டர். பஸ் டிப்போவில் அதற்குப் பெயர் நண்டு. தெருக்கோடி லாரிப் பட்டறையில் அகப்பை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனால் கொக்குக்கழுத்து. எப்படிக் கேட்டாலும் பம்பரத்தின் கை போவது ஒரே தட்டுக்குத்தான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எதிர்க்கடையில் கம்ப்யூட்டர் வந்து இறங்கும் வரை. அதன் பிறகு எதிர்க்கடைக்குப் போன் போட்டால், தும்முவதற்குள் பதில் வந்தது: இருக்கிறதா, எத்தனை, எப்போது வந்து சேரும். இங்கேயோ பம்பரம் மாடி ஏறி, எண்ணி, இறங்கி வந்து சொல்லவேண்டும். ஒருநாள் டிப்போ ஃபோர்மேன் போனிலேயே பிடித்துக்கொண்டார்.

"அவன் ரெண்டே நிமிஷத்துல சொல்லிடுறான். நீங்க பாத்துட்டு சொல்றேன், பாத்துட்டு சொல்றேன்னே பொழுத ஓட்டுறீங்க. ஒரு மாசம் ரெண்டு கடையையும் பாப்பேன். கேட்டவுடனே சரியா சொல்லி, சொன்ன நேரத்துக்கு எவன் கொண்டாந்து போடுறானோ, வருஷம் முழுக்க டிப்போ சாமான் அவன்கிட்டதான்."

டிப்போ என்பது அந்தக் கடையின் வியாபாரத்தில் பாதிக்கு மேல். முதலாளி போனை வைத்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "டிப்போ போச்சுன்னா மேல ரெண்டு மாடியையும் பூட்டிடுவேன், பம்பரம். கீழ இருக்கறத நானே எடுத்துக் குடுத்துக்குவேன்." மிச்சத்தை அவர் சொல்லவில்லை, பம்பரத்துக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. 

முதலாளியின் மருமகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கம்பெனியில் சரக்கு இருப்பைக் கம்ப்யூட்டரில் பார்த்தவள். "நாமளும் போடுவோம் மாமா" என்று மாமனாரிடம் சொல்லி, மறுநாளே வேலையைத் தொடங்கினாள். பம்பரம் தட்டுத் தட்டாக நடந்து எண்ணிச் சொல்ல, அவள் உட்கார்ந்து தட்டினாள். பத்து நாள் ஆனது.

"அண்ணே, கொஞ்சம் நின்னு சொல்லுங்க. உங்க குரல் ஒரு பக்கம் வருது, நீங்க ஒரு பக்கம் போறீங்க."

"நின்னா எனக்கு எண்ணிக்கை மறந்துரும்மா."

எல்லாச் சாமானும் ஏறிவிட்டது. பெட்டியில் இருந்த பெயர், பெட்டியில் இருந்த நம்பர், எந்த மாடி, எந்தத் தட்டு. டிப்போ பரீட்சையின் இரண்டாம் வாரம் போன் மணி அடித்தது. பம்பரம் மூன்றாம் மாடியில் இருந்தார். மருமகள் எடுத்தாள்.

"நண்டு நாலு வேணும். இருக்கா?"

அவள் தட்டிப் பார்த்தாள். திரை வெறுமனே நின்றது. "நண்டா? இல்லீங்களே சார்."

பம்பரம் இறங்கி வந்தபோது போன் வைத்தாகிவிட்டது. "யாரும்மா?"

"டிப்போ அண்ணே. ஏதோ நண்டு கேட்டாங்க. மார்க்கெட்டுக்குப் போட வேண்டிய போன இங்க போட்டுட்டாங்களோன்னு நினைச்சேன்."

பம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டாம் மாடி ஏழாவது தட்டில் எட்டு நண்டு குந்தியிருந்தன. அதற்குள் ஃபோர்மேன் எதிர்க்கடைக்குப் போட்டுவிட்டார். அங்கே நண்டும் தெரியாது, கொக்கும் தெரியாது, நம்பர் சொல்லுங்கள் என்றார்கள். மனிதர் முனகிக்கொண்டே பஸ்ஸுக்கு அடியில் ஊர்ந்து போய், கிரீஸைத் துடைத்து, நம்பரைப் படித்துச் சொல்லி வாங்கிவிட்டார். என்ன இருந்தாலும், இல்லை என்று சொன்ன கடையைவிட நம்பர் கேட்ட கடை மேல்தானே.

"அந்த மிஷினுக்கு நண்டுன்னா என்னன்னு சொல்லிக் குடும்மா" என்றார் பம்பரம்.

"சேத்துடலாம் அண்ணே. அக்காவுக்கு ஆபரேஷன், ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருக்கணும். வந்ததும் மொத வேலை அதுதான்."

பம்பரத்தை இரண்டு நாள் பொறுத்திரு என்று சொன்னால், இரண்டு நாள் மூச்சை அடக்கிக்கொள் என்று சொன்ன மாதிரி. அடுத்த போன் எப்போது வருமோ, மறுபடி இல்லை என்று சொல்லிவிடுவோமோ என்று குறுக்கும் நெடுக்கும் நடந்தார். புதுச் சரக்கு வந்தால் 'புதுப் பொருள்' என்ற கட்டத்தை அவள் அமுக்குவதைப் பார்த்திருக்கிறார். மதியம் போய் நின்றபடியே அதை அமுக்கினார். பெயர் கேட்டது: நண்டு என்று ஒற்றை விரலால் தட்டினார். எந்தத் தட்டு என்று கேட்டது: அதையும் போட்டார். எத்தனை இருக்கிறது என்று கேட்டது. அதை நிரப்பாமல் விட்டால் மிஷின் ஏற்க மறுத்தது. எட்டு என்று போட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை, எட்டுதான் இருந்தது. அடுத்து அகப்பை, எட்டு. கொக்குக்கழுத்து, எட்டு. சூடு பிடித்துவிட்டது. இரண்டு நாளில் நூற்றுச் சொச்சம் பெயர். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இப்ப அதுக்கும் தெரியும்."

"அப்ப உங்களுக்குப் பதிலா அதுவே வீட்டுக்கு வரட்டும். ஒரு இடத்துல இருக்குமில்ல?"

திரும்பி வந்த மருமகள் நண்டு என்று தட்டினாள். எட்டு, இரண்டாம் மாடி, ஏழாவது தட்டு என்று வந்தது. "அட, நீங்களே சேத்துட்டீங்களா அண்ணே!" என்று வியந்தாளே தவிர, எப்படிச் சேர்த்தார் என்று தோண்டவில்லை. அடுத்த ஒரு வாரம் கடைக்கு யோகம். எவன் எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் பளிச்சென்று போனது. "என்னய்யா, நான் வாய மூடறதுக்குள்ள பதில் வருது!" என்று ஃபோர்மேனே சொன்னார். எதிர்க்கடை ஸ்டோர்க்காரர் ஒல்லி ஆள், ஊசி என்று கூப்பிடுவார்கள். அவர் டீ குடிக்கிற சாக்கில் இந்தப் பக்கம் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த நாள்தான் வினை. காலையில் லாரிப் பட்டறைக்காரர் வந்து ஆறு அகப்பை வாங்கிப் போனார். மருமகள் அகப்பைக் கணக்கில் ஆறைக் கழித்தாள். மதியம் ஃபோர்மேன் கூப்பிட்டார்.

"நண்டு எட்டு வேணும். ரெண்டு பஸ்ஸு நாளைக்குக் காலையில தகுதிச் சோதனைக்குப் போகணும். இருக்கா?"

"எட்டு இருக்கு சார். ஒரு மணி நேரத்துல வந்துரும்."

பம்பரம் எடுக்கப் போனார். ஏழாவது தட்டில் இரண்டே இரண்டு. கையை உள்ளே விட்டுத் துழாவினார். தட்டுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு நின்றார். இருபத்தாறு வருஷத்தில் அந்தப் படிக்கட்டு அவரை ஓடாமல் பார்த்தது அன்றுதான். அகப்பைக் கணக்கில் கழிந்த ஆறு, நண்டுக் கணக்கில் கழியவே இல்லை. தட்டில் எட்டு, மிஷினில் நாலு எட்டு.

கீழே வந்து மூன்றே வாக்கியத்தில் சொன்னார். மருமகளுக்கு முகம் வெளுத்தது. முதலாளி எழுந்துவிட்டார்.

"ஏதாச்சும் சொல்லி சமாளிய்யா. வண்டி பஞ்சர்னு சொல்லு. சாயங்காலத்துக்குள்ள எங்கயாச்சும் பிடிப்போம்."

"ரெண்டு பஸ்ஸோட சக்கரத்தையும் கழட்டி வச்சிட்டு உக்காந்திருப்பாரு முதலாளி. பஞ்சர்னு சொன்னா நம்பி இன்னும் ரெண்டு மணி நேரம் காத்திருப்பாரு. அப்புறம் எதிர்க்கடையும் பூட்டிருவான்."

போனை எடுத்தார். மருமகள் எட்டு இருக்கு என்று சொல்லிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"சார், எட்டு இல்ல. எங்க கணக்கு தப்பு. தப்பா ஏத்தினது நான்தான். சொன்ன நேரத்துக்கு ஆறு வரும். மிச்சம் ரெண்டுக்கு இப்பவே எதிர்க்கடைக்குப் போடுங்க. வண்டிக்கு அடியில போக வேணாம், நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

அந்தப் பக்கம் வந்த வசவை இங்கே எழுத முடியாது. நடுவில் ஃபோர்மேன் நம்பரையும் எழுதிக்கொண்டார். முதலாளி நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "நம்ம வாயாலயே எதிர்க்கடைக்கு அனுப்புறியேய்யா! நீ என் கடைக்கு வேலை பாக்குறியா, அவனுக்கு வேலை பாக்குறியா?"

பதில் சொல்லப் பம்பரம் அங்கே இல்லை. பைக் தெருக்கோடிக்குப் போய்விட்டது. பட்டறையில் ஒரு லாரிதான் ஜாக்கியில் ஏறி நின்றது. அதற்கு இரண்டு அகப்பை போதும். மற்ற நாலும் அடுத்த வாரம் வரப்போகிற லாரிக்கு. அந்த லாரி இன்னும் துறைமுகத்தில் சரக்குக்காக நிற்கிறது என்று அன்று காலையில்தான் அதன் சொந்தக்காரர் கடை வாசலில் புலம்பியிருந்தார்.

"நாலு அகப்பை திருப்பிக் குடுங்க. அடுத்த வாரம் நானே கொண்டாந்து போடுறேன்."

"வித்த சாமானத் திருப்பிக் கேக்குற கடைய இப்பத்தான்யா பாக்குறேன்" என்றார் பட்டறைக்காரர். "குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா உங்க பட்டறையிலயே நடந்துகிட்டு இருப்பேன்."

"ஐயோ, எடுத்துட்டுப் போ சாமி. உன்னப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும்."

ஒரு மணி நேரம் ஆக எட்டு நிமிஷம் இருக்கும்போது ஆறும் டிப்போவில் இருந்தன. அதே வாசலில் மிச்சம் இரண்டோடு ஊசி வந்து இறங்கினார். செய்தி அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்தது.

"என்ன பம்பரம், உங்க மிஷின் குட்டி போட்டிருச்சாமே?"

"ஆமா. நீ வேணும்னா ஒண்ணு எடுத்துட்டுப் போய் வளத்துக்கோ."

ஃபோர்மேன் இருவரையும் பார்க்கவில்லை. எட்டையும் எண்ணினார், உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மருமகள் அவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துத் திட்டினாள். "வேற பேருன்னு ஒரு கட்டம் இங்கயே இருக்கு பாருங்க. ஒரே சாமான், ஒரே எண்ணிக்கை, அதுக்குக் கீழ எத்தன பேரு வேணும்னாலும் போடலாம். ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தம்மா."

"போன் இருக்கில்ல அண்ணே!"

 நூற்றுச் சொச்சம் பொய்ச் சாமானையும் அழித்து, பெயர்களை உரிய சாமானுக்குக் கீழே கொண்டுவர மூன்று நாள். இரண்டு பேரும் மறுபடி மூன்று மாடியையும் எண்ணினார்கள்.

மாதம் முடிந்ததும் ஃபோர்மேன் நேரிலேயே வந்தார். முதலாளி நாற்காலி போட்டார். பம்பரம் ஒரு தூணைச் சுற்றி நடந்தார்.

"எதிர்க்கடைக்காரன் ஒரு தடவகூட தப்பு பண்ணல" என்று ஆரம்பித்தார் ஃபோர்மேன். முதலாளியின் முகம் தொங்கிப்போனது. "நீங்க ஒரு தடவ இல்லன்னீங்க, ஒரு தடவ தப்பாவே சொன்னீங்க, அதுவும் பெருசா. ஆனா அவன் ஒவ்வொரு தடவையும் என்னைய வண்டிக்கு அடியில படுக்க வைக்கிறான். நம்பர் சொல்லு, நம்பர் சொல்லுன்னு. எனக்கு வயசு அம்பத்தாறு, முதுகு ஒத்துக்க மாட்டேங்குது. இங்க நான் நண்டுன்னா நண்டு வருது. தப்புன்னாலும் பத்து நிமிஷத்துல தப்புன்னு சொல்றீங்க. ஒரு வருஷத்துக்கு உங்ககிட்டயே வச்சுக்கறேன். ஒரு வருஷம்தான், சொல்லிட்டேன்."

மேல் இரண்டு மாடிகளையும் பூட்டுவது பற்றி முதலாளி அப்புறம் பேசவே இல்லை.

ஆனால் பம்பரத்துக்கு அந்த நிம்மதி இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒருநாள் லாரிப் பட்டறைக்குப் போனவர், அங்கே ஊசி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "இதுக்கு நீங்க என்ன பேரு சொல்வீங்க?" என்று ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பம்பரம் பைக்கைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"நம்ம பேரையெல்லாம் அள்ளிட்டுப் போறாம்மா!"

"போகட்டும் அண்ணே. பேரு என்ன நம்ம வீட்டுச் சொத்தா?" என்றாள் மருமகள். "என்னைக்காவது வருவாங்கன்னு தெரிஞ்சதுதானே."

"அப்ப அடுத்த வருஷம்?"

அவளும் யோசித்தாள். பம்பரம் வாசலுக்கும் படிக்கட்டுக்கும் ஏழெட்டு நடை நடந்தார்.

"டிப்போல பன்னண்டாம் நம்பர் பஸ்ஸு மலைக்குப் போற வண்டி. நாலு மாசத்துக்கு ஒரு தடவ பிரேக் சாமான் கேக்கும். முப்பதாம் நம்பர் நேர் ரோட்டு வண்டி, வருஷத்துக்கு ஒரு தடவதான். இதெல்லாம் மிஷின்ல இருக்கா?"

"வித்த தேதி இருக்கு. எந்த பஸ்ஸுக்குன்னு இல்லையே."

"அது என்கிட்ட இருக்கு."

அவள் விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள். "சொல்லுங்க. மெதுவா. நடந்துக்கிட்டே சொன்னாலும் பரவாயில்ல."

எழுபது பஸ். நாலு நாள் சொன்னார். சந்தேகம் வந்த இடத்தில் இந்தத் தடவை அவளைக் கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தார். ஐந்தாம் நாள் காலையில், இந்த மாதம் எந்தெந்த பஸ்ஸுக்கு என்ன சாமான் வேண்டியிருக்கும் என்று அவள் ஒரு பட்டியலை எடுத்து நீட்டினாள். முதல் வரியில் பன்னண்டாம் நம்பர் இருந்தது. பம்பரம் ஃபோர்மேனுக்குப் போன் போட்டார். டிப்போ கேட்பதற்கு முன்னாலேயே சாமான் வேண்டுமா என்று கடையிலிருந்து போன் போனது அதுதான் முதல் தடவை.

"சார், பன்னண்டாம் நம்பர் பஸ்ஸுக்கு முன்சக்கர பிரேக் கட்டை தேஞ்சிருக்கும். அனுப்பவா?"

"நான் கேக்கவே இல்லையேய்யா. வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"ஒரு தடவ பாத்துடுங்க சார்."

 "இரு, போய்ப் பாத்துட்டு வரேன். போன வச்சிடாத."

ரிசீவர் மேஜையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. பிறகு டிப்போவின் இரைச்சல், யாரோ யாரையோ கூப்பிடும் குரல், இரும்பில் இரும்பு விழும் ஒலி. பம்பரம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, வயர் விட்ட தூரத்துக்கு நடந்தார். வயர் இழுத்தது. திரும்பி நடந்தார்.