காளியாயியின் முதுகும் அந்தோனியம்மாவின் முதுகும்

ஒரே வலி இரண்டு பேருக்கு வந்து, ஒருத்திக்கு மட்டும் நீங்கிவிட்டால், மற்றவளிடம் மிஞ்சுவது அதே பழைய வலிதானா? டயகமத் தேயிலைத் தோட்டத்துக் காளியாயியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது.

அவளுக்கும், லய வரிசையில் அடுத்த காம்பரா வீட்டு அந்தோனியம்மாவுக்கும் ஒரே வருஷத்தில்தான் இடுப்பு பிடித்தது. முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை நெரிக்கிறது என்றார் டாக்டர். இருவரும் ஒரே போத்தல் தைலத்தைப் பங்கு போட்டுத் தேய்த்துக்கொண்டார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் காளியாயி, கொழுந்து பறிக்கக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்போடு இறுக்கிக் கட்டி, நிமிர்ந்து நிற்பாள். நொண்டுவது தெரிந்தால், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா திருப்பி அனுப்பிவிடுவார். வேலைப் பதிவில் அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை.

அந்தோனியம்மாவின் மகன் கொழும்பில் கடை வைத்திருந்தான். தாயை அங்கே தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். முதுகைக் கிழிக்கவில்லை. சிறு துளை, அதன் வழியே பேனா பருமனில் ஒரு குழாய், நுனியில் கமெரா. பிதுங்கிய துண்டை மட்டும் கிள்ளி எடுத்தார்கள். நாலாம் நாள் அவள் பஸ்ஸிலிருந்து தானே இறங்கி லயத்துக்கு ஏறி வந்தாள்.

"காட்டு, பாப்போம்" என்றாள் காளியாயி.

சுண்டுவிரல் நகம் அளவுத் தழும்பு.

"இம்புட்டூண்டா? அட்டை கடிச்சாலே இதவிட பெருசா இருக்கும்டி."

"எனக்கே நம்ப முடியலக்கா."

"காலு இழுக்கலையா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத."

இழுக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காளியாயி அன்று நிம்மதியாகச் சோறு தின்றிருப்பாள்.

பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கடிதம் கொடுத்திருந்ததால், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை அந்தோனியம்மாவுக்குப் போனது. காளியாயி இரண்டு வருஷமாகக் காத்திருந்த இலேசான வேலை. பெரட்டில் வாய்விட்டே கேட்டாள்.

"எனக்குந்தாங்க ஐயா முதுகு வலி."

கண்டாக்கையா சிரித்தார். "ஒனக்கா? ஒன்னைய மாதிரி நிமிந்து நிக்கிறவ இந்தப் பெரட்டுல வேற யாரு?"

குணமானவளுக்குத் தொட்டில், நோயாளிக்குக் கொழுந்துக் கூடை. அதன்பின் அந்தோனியம்மா தண்ணீர் விழும் பீலியில் குனிந்து தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம், ஒருமுறையாவது இடுப்பைப் பிடிப்பாளா என்று காளியாயி வாசலில் நின்று பார்த்தாள். இதை நல்ல குணமென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தோனியம்மாவை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர்களும் வேறு யாருமில்லை.

எட்டு மாதம் கழித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காளியாயிக்கும் அதே சிகிச்சைக்குத் தேதி கிடைத்தது. மூன்று நாளும் துணைக்கு ஒருவர் தங்கலாம். ஹட்டன் துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் நிஷாந்தி லீவு சொல்லி, பையும் கட்டி வைத்திருந்தாள்.

புறப்படும் காலை காளியாயி மகளை வேலைக்குப் போகச் சொன்னாள். பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"ஏ அந்தோனியம்மா, சீலைய மாத்து. ஒன்னையத்தான் கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு மூணு நாள் பேரு போயிருமேக்கா!"

"போகட்டும்."

ஏன் என்று நிஷாந்தி பலமுறை கேட்டுப் பார்த்தாள். காளியாயி சொல்லவே இல்லை.