மிளகு கடிக்கவில்லை

மிளகு கடிக்கவில்லை. அன்றைக்கு ஜீப்பை மறித்துக்கொண்டு சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். அப்பாவின் செருப்பைக் கடித்தது, சரி. ஏலக்காய்ச் சாக்கின் மூலையைக் கடித்தது, துடைப்பத்தைக் கடித்தது, இலவம்பஞ்சுத் தலையணையைக் கிழித்துப் போடிநாயக்கனூர் வெயிலில் பனி பெய்ய வைத்தது, எல்லாம் சரி. அத்தையின் கையை மட்டும் அது கடிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் இரண்டாம் வகுப்பு. முன்பற்கள் ஆடிக்கொண்டிருந்த வயது. ராசிங்காபுரத்தில் யாரோ ஒருவரின் தோட்டத்தில் ஈன்ற குட்டிகளில் ஒன்றை அப்பா பைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். உருண்டை, கறுப்பு, தொட்டால் காரம். மிளகு என்று பெயர் வைத்தேன்.

அதே வாரம் மலைமேலிருந்து அத்தையும் இறங்கி வந்தாள். அப்பாவின் தங்கை. போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்துக்குள் இருந்தது அவளுடைய புருஷன் வீடு. விசேஷம் ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்றாள். கொளுத்துகிற வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கைதான். மலைக்குளிருக்குத் தைத்தது என்றாள். அடுப்படியில் அம்மா அவளிடம் தணிந்த குரலில் பேசுவாள்: "புருசன் வீடுன்னா முன்னப்பின்னத்தான் இருக்கும். நாமதான் அனுசரிச்சுப் போகணும்." அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அதையெல்லாம் நின்று கேட்க நேரமில்லை. என் தலைக்கு மேல் சோலி கிடந்தது.

செருப்பு போன அன்று அப்பா சொல்லிவிட்டார்: "இன்னொரு சாமான்ல பல்லுப் பட்டுச்சு, மலைத் தோட்டத்துக்கு ஏத்தி விட்ருவேன், பாத்துக்க." தோட்டத்துக்கு ஏறிய நாய்களின் கதை எனக்குத் தெரியும். சிறுத்தை வரும். விடிந்து பார்த்தால் சங்கிலி மட்டும் கிடக்கும்.

கடிக்காதே என்று ஒரு குட்டியிடம் எப்படிச் சொல்வது? ஆடுகிற பல்லை நாக்கால் நெம்பாமல் என்னாலேயே இருக்க முடியவில்லை. வாய்க்குத் தினவு என்று ஒன்று உண்டு. அது நாய்க்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஏற்றதைக் கொடுத்தால் ஏற்காததை விட்டுவிடும். இதுதான் என் கட்சி. அதற்கு ஒரே ஒரு சட்டம்: எதுவானாலும் முதலில் நான் கடிப்பேன். என் வாயில் உடைவது மிளகின் வாய்க்குப் போகாது.

வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து என் ஈறில் ஏறியது. தள்ளு. தேங்காய் மட்டையின் நார் தொண்டையில் சிக்கி, அம்மா முதுகில் அடித்த அடியில்தான் வெளியே வந்தது. தள்ளு. பழைய ரப்பர் செருப்பு துண்டு துண்டாகக் கையோடு வந்தது. வேப்பங்குச்சியைக் கடித்த மிளகு, என்னை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. கரும்பை நானே தின்று தீர்த்தேன். மாங்கொட்டை நன்றாகத்தான் இருந்தது. வெங்காயத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அத்தைதான் தடுத்தாள்.

"வாய்க்குள்ள முழுசாப் போற எதையும் குடுக்காதடி. வெளியே நீட்டிக்கிட்டு இருக்கணும். விக்கிக்கிச்சுன்னா அதுக்குச் சொல்லத் தெரியாதுல்ல."

கடைசியில் விறகுக் கட்டுக்குள் கிடைத்தது அது. குரங்கணிப் பக்கமிருந்து வந்த காப்பிக் கம்பு. பட்டையை உரித்துக் கடித்தேன். பிளக்கவில்லை. சிராய் கிளம்பவில்லை. மாவு மாதிரித் தேய்ந்தது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஆடிய பல் கம்பிலேயே நின்றுவிட்டது. அத்தை சாணி உருட்டித் தந்தாள். அதற்குள் பல்லைப் பொதிந்து ஓட்டின் மேல் எறிந்துவிட்டு, ரத்த வாயோடு வந்து மிளகுக்கு எதிரே உட்கார்ந்தேன். கம்பின் ஒரு முனை எனக்கு, மறு முனை அதற்கு. என் முனையில் பிறை பிறையாக வளைந்த தடம். அதன் முனையில் முள்ளால் குத்தியதுபோல் புள்ளிகள். அதன் பிறகு மிளகு எந்தச் சாமானையும் தொடவில்லை. நான் ஜெயித்திருந்தேன்.

அத்தை மலைக்குத் திரும்ப வேண்டியதற்கு முந்தின நாள் காலையில் எல்லாம் கெட்டது. குழாயடியில் அண்டாவைத் தூக்கியபோது அவளுடைய ரவிக்கைக் கை மேலே ஏறிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே ஊதாவாகக் கன்றிய ஒரு தடம். பல் விளக்கிக்கொண்டிருந்த அப்பா வாயைக் கொப்புளிக்க மறந்து, "என்னத்தா இது?" என்றார். அத்தை வெடுக்கென்று கையை இறக்கிவிட்டாள். அவள் கண் முற்றத்தைச் சுற்றியது. கம்பைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த மிளகின் மேல் வந்து நின்றது.

"நாய்க்குட்டிதாண்ணே. வெளையாட்டுக்கு."

தொப்புளைச் சுற்றி ஊசி போடணுமே என்று அம்மா பதறினாள். பால் பல்லு, ஒன்றும் செய்யாது மதினி என்றாள் அத்தை. அப்பா ஒரே பேச்சில் முடித்தார்: "வீட்டு மனுசரக் கடிச்ச நாயி வீட்டுக்கு ஆகாது. நாளைக்கு ஜீப்புல ஒங்கூடவே கொண்டு போயிருத்தா. காவலுக்கு ஆகும்."

சாணி உருட்டித் தந்த அத்தை. விக்கிக்கும் என்று தடுத்த அத்தை. அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. ஆனால் அந்தத் தடம் கண்ணை விட்டுப் போகவில்லை. காப்பிக் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு வெறி ஏறியது.

மறுநாள் காலை ஜீப்பு வந்து நின்றது. அத்தையின் பையை ஏற்றினார்கள். மிளகின் கழுத்தில் கயிறு. நான் ஓடிப்போய் ஜீப்பின் முன்னால் நின்றுகொண்டேன்.

"ஏத்தா, ஒத்து," என்றார் டிரைவர். "மெட்டுல மஞ்சு எறங்கிரும். வெரசாப் போகணும்."

"கழுத, நகருடி," என்றாள் அம்மா.

நகரவில்லை. என் கையை வாயில் வைத்து, பலம் கொண்ட மட்டும் கடித்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்படியே பக்கவாட்டில் பாய்ந்து, ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்திருந்த அத்தையின் கையை இழுத்து, ரவிக்கைக் கையை மேலே தள்ளி, என் கையைப் பக்கத்தில் வைத்தேன்.

"பாருங்க! நாய் கடிச்சா புள்ளியா விழும். இது பிறை. எங்கையில இருக்கிற மாதிரியே பிறை. மனுசப் பல்லு இது! அத்தை பொய் சொல்லுது!"

விழுந்த பல்லுக்கு என் தடத்தில் ஓர் இடைவெளி இருந்தது. அத்தையின் தடத்தில் இல்லை. வரிசை நிறைந்த, பெரிய வாய்.

டிரைவர் என்ஜினை அணைத்தார். அப்பா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"மாப்ளையா?" என்றார்.

நாய் வழக்கில் மாமாவை ஏன் இழுக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள். பையைத் தானே தூக்கிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

"நான் போகலண்ணே," என்றாள். "யாரு சொன்னாலும் போகமாட்டேன்."

யாரும் சொல்லவில்லை. அம்மாகூட. அத்தை குனிந்து மிளகின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்தாள். செய்த தப்புக்கு அது அவள் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு, நானும் பெரிய மனசு பண்ணி அவளோடு பேசத் தொடங்கினேன்.

அத்தை இறங்கிய இடத்தில் அப்பா ஏறி உட்கார்ந்தார். எதற்கு மலைக்குப் போகிறார் என்று தெரியவில்லை. காப்பிக் கம்பு கொண்டாங்கப்பா என்று ஜீப்பின் பின்னாலேயே ஓடிக் கத்தினேன்.

மறுநாள் பொழுது சாயும்போது திரும்பி வந்தார். அத்தையின் பச்சை டிரங்குப் பெட்டி வந்தது. நான் கேட்ட கம்பும் ஒரு கட்டு வந்தது. கம்பை என்னிடம் நீட்டியபோது பார்த்தேன், அப்பாவின் வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. இந்த விஷயத்தில் ஊரிலேயே பெரிய ஆள் நான் அல்லவா? கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். புள்ளி இல்லை. பிறையும் இல்லை.

"இது யாரும் கடிச்சதில்லப்பா," என்று தீர்ப்புச் சொன்னேன்.

"இல்லத்தா," என்றார்.

டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அத்தை, வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிய வழியச் சிரித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மிளகு காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டில் இருந்த ஒவ்வொரு கம்பையும் நான் கடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.