மிர்லானின் திரைக்குப் பின்னால் ஒரு பெட்டி

குபத்தின் கண் தன் கணினியில் இருக்கும், காது பக்கத்து மேசையில் இருக்கும். அங்கே மிர்லான் விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம் நின்று, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான் என்றால், ஒரு வரைபடம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். குபத் அப்போதுதான் படிக்கட்டு வரையவே ஆரம்பித்திருப்பான்.

பிஷ்கெக் நகரத்தில் கட்டட வரைபடம் போட்டுக்கொடுக்கும் அலுவலகம் அது. மொத்தம் ஒன்பது பேர். வரைபடப் பிரிவுக்குத் தலைமை வரைவாளர் என்று ஒருவரைப் போடப்போவதாக முதலாளி அசன்குல் பைகே இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிட்டார். பைகே என்றால் அங்கே அண்ணன். ஒன்று குபத், இல்லையென்றால் மிர்லான். மூன்றாவதாக ஒரு பெயர் யார் வாயிலும் வரவில்லை.

ஆத்பாஷி மலைப்பக்கத்தில் ஆடு மேய்க்கிற வீட்டிலிருந்து கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் குபத். பட்டம் வாங்கி வந்த அன்று அவன் அப்பா கிடா வெட்டினார். தின்ற கையோடு ஊரே சான்றிதழை வாங்கி வாங்கிப் பார்த்ததில் அதன் ஓரத்தில் கொழுப்போடு ஒரு கட்டைவிரல் தடம் பதிந்துவிட்டது. குபத் அதைத் துடைக்கவே இல்லை. வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு, அந்தச் சான்றிதழை நெஞ்சோடு பிடித்து அப்பா நிற்கிற படம்தான் அவன் கணினியின் முகப்பு.

மிர்லானோ நகரத்துப் பிள்ளை. அப்பா கட்டடக் கலைஞர். வீட்டில் வரைபலகையைப் பார்த்துக்கொண்டே பால் குடித்தவன். குபத்தைவிட எட்டு மாதம் இளையவன். பத்து விரலாலும் தட்டுவான். அவன் சொல்லும் மொக்கைக்கும் சிரிக்க ஆள் இருந்தது. குபத் வாயைத் திறந்தால் அவனுடைய மலைப் பேச்சுக்குத்தான் சிரித்தார்கள்.

ஒருநாள் குபத் முதலாளி அறைக்குப் போனான்.

"பைகே, மனசுல வெச்சுக்க முடியல. மிர்லான் அரைநாள்ல ஒரு மாடி முடிக்கிறான். மனுஷனால ஆகுற காரியமா அது? வெளியில யார்கிட்டயோ வரைஞ்சு வாங்கி, இங்க தன் பேரைப் போடுறான்."

"பார்த்தியா நீ?"

"பார்க்கிறதுக்கு வழி இருக்கு பைகே."

கணினிகளைப் பழுது பார்ப்பதும் குபத்தின் வேலைதான். சீனத்திலிருந்து ஒரு பெட்டி வருகிறது என்று விளக்கினான். தீப்பெட்டி அளவு. கணினியிலிருந்து திரைக்குப் போகிற கம்பிக்கு நடுவில் செருகினால் போதும். திரையில் தெரிவதை நிமிஷத்துக்கு ஒரு படமாக எடுத்து வைஃபை வழியாக முதலாளியின் கணினிக்கு அனுப்பும். கணினிக்குள் எதையும் ஏற்ற வேண்டியதில்லை, மாட்டியது யாருக்கும் தெரியாது.

அசன்குல் பைகே தேநீர்க் கிண்ணத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். "சரி, மாட்டு. நீ சொல்றது நிஜம்னா அந்த நாற்காலி உனக்கு. இல்லேன்னா, தம்பி, அவன் பேரை இனிமே என் முன்னால எடுக்கக்கூடாது."

அந்த வெள்ளிக்கிழமை குபத் எல்லோருக்கும் முன்னால் வந்து, மிர்லானின் திரைக்குப் பின்புறம் கம்பியில் பெட்டியைச் செருகி, திரையோடு ஒட்டினான். ஏற்கெனவே பாதித் திரைகளின் பின்னால் ஏதோ ஒரு இணைப்பான் தொங்குகிற அலுவலகம். இன்னொன்று தொங்கினால் யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்று மதியம் கணக்குப் பார்க்கும் குல்பாரா எஜேவுக்கு, அதாவது குல்பாரா அக்காவுக்கு, ஐம்பதாவது பிறந்தநாள். அலுவலகத்தில் விருந்தென்றால் வழக்கம் ஒன்றுதான். திரைகளையெல்லாம் கம்பியோடு கழட்டித் தூக்கி ஜன்னல் திண்டில் வரிசையாக வைப்பார்கள். மேசைகளை ஒன்றாகச் சேர்த்து, ரத்தான வரைபடத் தாள்களைத் திருப்பிப் போட்டு விரிப்பார்கள். குல்பாரா எஜே வீட்டிலிருந்தே ஆட்டுக்கறி அவித்துக் கொண்டுவந்திருந்தார். எலும்பு பங்கிடுவது முதலாளி. யாருக்கு எந்த எலும்பு என்பதில்தான் மரியாதை இருக்கிறது. வயதுக்கும் தகுதிக்கும் பார்த்துத்தான் கொடுப்பார்கள்; தொடை மேல், விலா கீழ்.

தொடை எலும்பு மிர்லானுக்குப் போனது. குபத்தின் தட்டில் ஒரு விலா எலும்பு விழுந்தது.

"என்ன குபத், எலும்பை முறைக்கிற?" என்றார் குல்பாரா எஜே. "ஆடு செத்துப் போச்சுடா, திரும்ப முறைக்காது."

மேசை முழுக்கச் சிரித்தது. மிர்லானும் சிரித்தான். எட்டு மாதம் இளையவனுக்குத் தொடை எலும்பு. அப்படியென்றால் நாற்காலியும் முடிவாகிவிட்டதா? குபத் விலா எலும்பைத் தட்டிலேயே விட்டான். கைகழுவப் போகிறேன் என்று எழுந்தவன், முற்றத்தில் முக்கால் மணி நேரம் பனியை மிதித்துக்கொண்டு நின்றான். உள்ளே வந்தபோது மேசைகள் பழைய இடத்துக்குப் போய்விட்டிருந்தன. மிர்லான்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுத் திரைகளை மாட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு.

"உன்னோடதையும் மாட்டிட்டேன்" என்றான். "எங்க போன நீ? கேக்கு தீர்ந்துபோச்சு."

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளியும் குபத்தும் முதலாளி அறையில் உட்கார்ந்தார்கள். படங்களைத் திறந்தான் குபத்.

முதலில் போன வெள்ளிக்கிழமைக் காலை. மிர்லானின் கோடுகள் ஒவ்வொன்றாக வளர்ந்தன. கதவு, ஜன்னல், படிக்கட்டு என்று நூற்றுக்கணக்கில் முன்கூட்டியே வரைந்து அடுக்கி வைத்திருந்தான். எடுத்து வைத்து அளவை மாற்றினால் ஒரு அறை முடிந்தது. வெளியாள் யாரும் வரவில்லை.

"சொந்தமாத்தானே பண்றான்?" என்றார் முதலாளி.

"ஒருநாள் அப்படி இருக்கும் பைகே. திங்கக்கிழமையைப் பாருங்க."

திங்கட்கிழமைப் படங்கள் வேறு மாதிரி இருந்தன. எல்லோருடைய கோப்புகளும் இருக்கிற பொது அடைவில் மிர்லானின் கோப்பு திறந்தது. ஒரு கோடு போடவில்லை, மூடியது. மறுபடி திறந்தது. அவன் வரைந்த படிக்கட்டு பெரிதானது. பிறகு மிர்லானின் ஃபேஸ்புக் பக்கம். ஏரிக்கரையில் அவன் நிற்கும் படம், அவன் புதிய காலணி. பிறகு மறுபடி அவன் கோப்பு. மதியம்வரை இதே கதை.

"பார்த்தீங்களா?" குபத்தின் குரல் ஏறியது. "நாள் முழுக்கத் தன் மூஞ்சியையே ரசிச்சுக்கிட்டு இருக்கான். இவனுக்கா பைகே தலைமை?"

"பேசாம இரு" என்றார் முதலாளி. அடுத்த படத்தைத் தட்டினார்.

யாரோ எல்லாச் சாளரங்களையும் சுருக்கியிருந்தார்கள். திரை நிறைய ஒரு கிழவர் நின்றார். வெள்ளைக் கம்பளித் தொப்பி. நெஞ்சோடு ஒரு சான்றிதழ். அதன் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை.

அசன்குல் பைகே முன்னால் குனிந்து பார்த்தார். "யாரு இது?"

குபத்துக்கு விருந்தும் ஜன்னல் திண்டும் ஒரே மாதிரிக் கறுப்புத் திரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கடைசியில், தான் இல்லாத அந்த முக்கால் மணி நேரம்.

"எங்கப்பா" என்றான்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. கணினியை அணைத்துவிட்டு, "போய் அதைக் கழட்டு. இந்த ஒரு வாரத்தைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசமாட்டேன். நீயும் அவனைப் பத்திப் பேசமாட்ட" என்றார்.

குபத் தன் மேசைக்குப் போய், தன் திரைக்குப் பின்னால் கைவிட்டு, பெட்டியைப் பிய்த்தெடுத்தான். மிர்லான் எட்டிப் பார்த்தான்.

"என்ன, திரையில எதாவது கோளாறா?"

"இல்ல. தெளிவாத்தான் தெரியுது."

மார்ச்சில் மிர்லான் தலைமை வரைவாளர் ஆனான். கதவும் ஜன்னலும் படிக்கட்டும் அடுக்கிய அந்த அடைவை முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டான். குபத் ஒரு வாரம் வீம்புக்குத் தொடவில்லை. பிறகு தொட்டான். அவனுக்கும் இப்போது ஒரு மாடிக்கு அரைநாள்தான் ஆகிறது. அதை அவன் யாரிடமும் சொல்வதில்லை.

வசந்த விருந்துக்கு மறுபடி மேசைகள் சேர்ந்தன. அன்று முதலாளி ஊரில் இல்லாததால் பங்கிட்டது மிர்லான். தொடை எலும்பை எடுத்து, "நீ என்னைவிட மூத்தவன்" என்று குபத்தின் தட்டில் வைத்தான். குபத் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாய் நன்றி சொன்னது. கண் மட்டும் மெல்ல நகர்ந்து, மிர்லான் தனக்கென்று எதை எடுத்துக்கொள்கிறான் என்று பார்த்தது.