சூளைக்குள் தண்ணீர் கேட்டவன்

வெயில் தலைக்கேறினால் காதில் குரல் கேட்கும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். எனக்கும் தெரியும். மலேரியாவில் கிடந்தபோது, செத்துப்போன என் அப்பாவின் குரலையே கேட்டிருக்கிறேன். அது வேறு. இது நடந்த அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. கை நடுக்கம்கூட இல்லை.

1944. மேற்கு ஜாவாவில், மலைச்சரிவில் ஒரு போர்க்கைதி முகாம். காவலுக்கு ஜப்பானியர்கள். உள்ளே டச்சுக்காரர்களாகிய நாங்கள். என் பெயர் ரூலோஃப். அப்பாவுக்கு நாகசாகி துறைமுகத்தில் வேலை. அங்கே மீனவப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடி ஜப்பானிய மொழி கற்றவன் நான். அதனால் முகாமின் துபாஷி வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு பக்கமும் என்னை நம்பவில்லை.

சார்ஜெண்ட் ஹமாசாகி தினமும் எங்களைக் குனிந்து கும்பிட வைப்பான். முதுகு சரியாக வளையாவிட்டால் கன்னத்தில் விழும். பிறகு அதே கேள்வி.

"எதிரிகிட்ட பிடிபட்டப்புறம் எப்படிடா சோறு இறங்குது உங்களுக்கு? எங்க ஆளுன்னா அங்கேயே செத்துருப்பான்."

ஒருநாள் என் பக்கத்தில் நின்ற பாஸ்டியான் டச்சில் முணுமுணுத்தான். "உயிரோட இருந்தாத்தானே இவனைத் திருப்பி உதைக்கலாம்."

"என்ன சொல்றான்?" என்றான் ஹமாசாகி.

"பசிக்குதாம் ஐயா" என்று மொழிபெயர்த்தேன்.

பாஸ்டியான் ரப்பர்த் தோட்டத்தில் கங்காணிகளை மேய்த்தவன். பெரிய கை, பெரிய வாய். ஆனால் அந்த வாரம் அவன் என்னோடு பேசவில்லை. கூரையில் ஒளித்து வைத்திருந்த ரேடியோ பிடிபட்டிருந்தது. யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். எல்லாக் கண்ணும் என் மேல்.

முகாம் கடிகாரம் டோக்கியோ நேரத்தில் ஓடியது. சூரியன் உச்சியில் நிற்கும்போது அதில் மணி கிட்டத்தட்ட இரண்டு. எல்லோரும் நிழல் தேடிப் படுத்துவிடுவார்கள். நான் மட்டும் ஹமாசாகியின் அறைக்குப் போக வேண்டும். வழியில் 'சூளை'. நாங்கள் வைத்த பெயர். செங்கல் சுவர், தகரக் கூரை, இரும்புக் கதவு. ஒரு ஆள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். தண்டனைக்கு உள்ளே போட்டுப் பூட்டுவார்கள். தண்ணீர் கிடையாது.

அன்று சூளை காலி. கதவு விரியத் திறந்து கிடந்தது.

உள்ளேயிருந்து ஒரு குரல்.

"மிஸு பா குரென்னே..."

தண்ணி தாங்களேன் என்று அர்த்தம். ஆனால் பட்டாளத்து ஜப்பானியில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது நாகசாகிக்குப் பக்கத்து அமகுசாத் தீவு மீனவர்களின் பேச்சு. சின்ன வயதில் நான் கேட்டு வளர்ந்தது.

குனிந்து பார்த்தேன். தரை. சுவர். வேறொன்றும் இல்லை.

எனக்குச் சந்தேகம்தான் வந்தது. சூளைக்குத் தண்ணீர் கொடுப்பவனுக்கும் சூளைதான் தண்டனை. ஹமாசாகி யாரையோ ஒளித்து வைத்து என்னைச் சோதிக்கிறான். பின்பக்கம் சுற்றி வந்தேன். சுவரை ஒட்டி இடுப்பளவு புல். ஒரு புல்கூட மிதிபடவில்லை.

மறுநாள் அதே நேரம். கதவு திறந்தே இருந்தது. உள்ளே தகரத்தை நகத்தால் பிறாண்டும் சத்தம். கிரீச்... கிரீச்...

"ரூரோஃபு-சான்..."

என் பெயரை ஜப்பானியர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"யாரு? எங்க இருக்கீங்க?" என்று அவர்கள் மொழியில் கேட்டேன்.

பிறாண்டல் நின்றது. என் தோள் மேல் ஒரு கை விழுந்தது.

பாஸ்டியான்.

"யாரோடடா ஜப்பான்ல பேசிட்டிருக்கே?"

"உள்ளே... ஒரு ஆள்."

அவன் எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ரேடியோ விஷயத்தையும் இங்கதான் ஓதினியா? ராத்திரி நம்ம பசங்க கூடிப் பேசறாங்க, உன்னைப் பத்தி. நான் உனக்காக வாயைத் திறக்கமாட்டேன்."

அவன் நகர்ந்ததும் அடுத்த இடி. தூரத்திலிருந்த காவலாளி, நான் சூளைப் பக்கம் நின்று யாருக்கோ சைகை காட்டியதாகச் சொல்லிவிட்டான். ஹமாசாகி நேரே வந்தான். கேட்டான். ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லை. குரலைப் பற்றிச் சொன்னேன்.

"எந்த மொழியில?"

"உங்க மொழியில ஐயா. அமகுசாப் பேச்சு."

அவன் முகத்தில் ஏதோ ஓடியது. என்னைத் தள்ளிவிட்டுச் சூளைக்குள் குனிந்து போனான். திரும்பி என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

"எங்கடா குரல்?"

அப்போது கேட்டது.

"மிஸு பா குரென்னே..."

அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து. அவன் முகம் இருந்த உயரத்திலிருந்து.

அவன் உதடுகள் மூடியிருந்தன.

"ஒண்ணும் கேக்கலையே" என்றான்.

நான் பின்னால் நகர்ந்தேன். அவன் வெளியே வந்து என்னை அறைந்தான். அடித்த கையோடு, பட்டாளத்துப் பேச்சு நழுவிப்போய், கடற்கரை இழுப்போடு வார்த்தை வந்தது.

"அமகுசாக்காரன் எவனும் கூண்டுல உக்காந்து தண்ணி கேக்கமாட்டான். நாக்கைக் கடிச்சுக்கிட்டுச் செத்துருவான்."

அவனும் அந்த ஊர்க்காரன் என்பது அன்றுதான் தெரிந்தது.

அவன் போய்விட்டான். முதுகு மறையும்வரை நின்றேன்.

வெயில் வெள்ளையாக எரிந்தது. ஒரு காக்கைகூட இல்லை.

"ரூரோஃபு-சான்..."

இந்த முறை குரல் மிகவும் இளைத்திருந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டி, பிரிந்து, ஒட்டும் சத்தம்.

எனக்குக் கோபம் வந்தது. பயமும். என் இடுப்பில் அன்றைய பங்குத் தண்ணீர் தொங்கியது. சோதனையாக இருந்தால் இருக்கட்டும் என்று மூடியைத் திறந்தேன்.

கதவுக்குள் கையை நீட்டிச் சாய்த்தேன்.

தண்ணீர் விழுந்தது.

தரையைத் தொடவில்லை.

மடக்... மடக்... மடக்...

யாரோ விழுங்கினார்கள்.

என் மணிக்கட்டில் மூச்சு பட்டது.

சூடான மூச்சு.

குப்பி காலியானது. குனிந்து தரையைத் தடவினேன். காய்ந்த மண்.

நிமிர்ந்தபோது தூரத்தில் பாஸ்டியான் நின்றிருந்தான். ஆளில்லாத கூண்டுக்கு நான் தண்ணீர் ஊற்றியதை அவன் பார்த்துவிட்டான். அன்று இரவு கூட்டத்தில் அவன் சொன்ன ஒரே வார்த்தை, "அவனுக்கு மூளை பிசகிடுச்சு. விட்டுடுங்க."

அதனால்தான் உயிர் தப்பினேன். அதன்பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை.

போர் முடிந்தது. ஜப்பான் சரணடைந்தது. நான் முதல் கப்பலிலேயே ஊர் திரும்பினேன்.

ஏழெட்டு வருடம் கழித்து, எங்கள் நாட்டில், குரோனிங்கன் நகரத்து மதுக்கடை ஒன்றில் பாஸ்டியானைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தான். நான் கிளம்பிய பிறகும் அவன் ஜாவாவிலேயே இருந்தானாம். அதே முகாமில் அப்போது ஜப்பானியர்கள் கைதிகள். பாஸ்டியான் காவல்.

இரண்டாவது கிளாஸ் முடியும்வரை வேறெதையோ பேசிக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"உனக்குத்தானே அவங்க மொழி தெரியும். 'மிஸு பா குரென்னே'ன்னா என்னடா?"

நான் அவன் பக்கம் குனிந்தேன்.

"யார் சொன்னாங்க?"

"ஹமாசாகி. அவனைச் சூளையில போட்டுப் பூட்டினேன். மூணு நாள் இதையேதான் கத்தினான். நடுநடுவில 'ரூரோஃபு-சான், ரூரோஃபு-சான்'னு உன்னைக் கூப்பிட்டான். நீ அப்போ கப்பலேறி மாசக்கணக்காச்சு."

"தண்ணி கேட்டிருக்கான்" என்றேன்.

பாஸ்டியான் தலையைக் குனிந்துகொண்டான். "அதுதான்னு அப்பவே தெரியும். நான் குடுக்கல. யாரையும் குடுக்க விடல. சாவி என் சட்டைப்பையில. கடைசி நாள் உச்சி வெயில்ல சத்தம் நின்னுபோச்சு. கதவைத் திறந்தேன்."

கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"செத்துக்கிடந்தான். தரையில ஈரமே இல்லடா. ஆனா அவன் தாடியிலருந்து தண்ணி சொட்டிட்டிருந்துச்சு."