‘பினிஷ்’ என்றால் என்ன?

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கோயிலில் உட்கார்வதுபோல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலையில் உள்ளே கொண்டுபோன மாமாவைப் பற்றி மதியம் தாண்டியும் சேதியில்லை. இதயத்தில் அடைப்பு. கதவைத் திறந்துகொண்டு வந்த இளம் மருத்துவர் முகமூடியைக் கீழே இறக்கி, களைத்த குரலில் ஒரே சொல்லைச் சொன்னார்: “பினிஷ்டும்மா.”

இன்று நான் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பினிஷுக்கும் கம்ப்ளீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். முன்னது ஒரு வேலையைச் செய்து முடிப்பது, பின்னது குறையில்லாமல் நிறைவது என்று சொல்லிவைக்கிறேன். வகுப்புக்கு அது போதும். எனக்கென்னவோ அத்தையின் முகம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

மாமா பம்ப்செட்டுப் பட்டறையில் லேத் ஓட்டியவர். இரும்புத் தண்டைக் கடைந்து, கடைசியாக மெல்லிசாக ஒரு சீவு சீவினால் அது கண்ணாடிபோல் பளபளக்கும். அதைத்தான் அவர் பினிஷ் என்பார். வீட்டிலும் அதே பேச்சு. அரிசிம்பருப்புச் சோற்றில் அத்தை நெய் விட்டதும், “இப்பத்தான் பினிஷிங் வந்துருக்குது” என்று கண்ணைச் சிமிட்டுவார். அத்தைக்கோ அது வேறு சொல். துடியலூர்ப் பக்கம் கிணறு வற்றினால் கிணறு பினிஷ், மில்லை மூடினால் மில்லு பினிஷ், ஆள் போய்ச் சேர்ந்தால் ஆளு பினிஷ் என்று கேட்டே வளர்ந்தவர்.

மருத்துவர் சொன்னதைக் கேட்டு அத்தை அழவில்லை. எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“ஏனுங்க டாக்டரு, கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?”

மருத்துவருக்கு விளங்கவில்லை. “மயக்கத்துல இருக்காரும்மா, எப்படிப் பேசுவாரு? நாளைக்குத்தான் பேசுவாரு.”

அத்தை என் தோளைப் பிடித்தார். “அம்மணி, இவரு என்ன சொல்றாரு?”

“ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுதுங்க அத்தை. மாமா நல்லாருக்காரு.”

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. நடைபாதையிலேயே உட்கார்ந்து, குரல்விட்டு அழுதார். எல்லாம் விளங்கிய மருத்துவர் அவர் பக்கத்தில் குந்தி, “மன்னிச்சுக்குங்கம்மா, மன்னிச்சுக்குங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வார்டுக்கு வந்த பிறகு மாமாவிடம் சொன்னோம். தையல் பிரியாமலிருக்கத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். “எம் பொழப்பே அந்தச் சொல்லுலதான் ஓடுச்சு. அதுலயே என்னய அனுப்பிச்சுப்போட்டயே!” அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. “இனிமே நம்ம ஊட்டுக்குள்ள அந்தப் பேச்சே ஆகாதுங்க, சொல்லிப்போட்டேன்” என்றார். மாமா கட்டுப்பட்டார். சுவருக்குப் பெயின்ட் அடித்து முடித்த ஆள் பழக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுத்தால்கூட, “ஆச்சுன்னு சொல்லப்பா” என்று முந்திக்கொள்வார். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அப்படியே பல வருஷங்கள் நல்லபடியாகக் கழிந்தன.

போன ஐப்பசியில் ஒரு காலை, காபி குடித்துவிட்டுப் பேப்பரோடு சாய்ந்தவர் எழவில்லை. ஆம்புலன்ஸில் வந்த ஊழியர் நாடி பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். “முடிஞ்சுருச்சுங்கம்மா” என்றார். நல்ல தமிழ்ச் சொல். அதில் யாருக்கும் குழப்பம் வர வழியில்லை.

அத்தை ஊழியரின் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னொருக்கா நல்லாப் பாருங்க கண்ணு. முன்னால ஒருக்கா இப்பிடித்தான் சொன்னாங்க. அப்புறம் எந்திரிச்சுப் பேசுனாரு.”

அந்த ஊழியர் சரி என்று தலையசைத்து, மறுபடி மண்டியிட்டு, மாமாவின் மணிக்கட்டை எடுத்தார். முதல் தடவையைவிட வெகுநேரம், விரலை எடுக்காமல் வைத்திருந்தார்.