கீசர் டைமரும் மாமனாரின் பத்து மணிக் குளியலும்

மார்கழியில் சூளகிரியில் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாது. எங்கள் குளியலறைக் கீசர் சின்னது. விடிகாலையில் தானாகச் சூடாகட்டும் என்று அதற்கு ஒரு டைமர் வைத்திருந்தோம். அது ஒருநாள் செத்துப்போனது.

என் கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். நான் வேறொரு கம்பெனியில் கன்ட்ரோல் பேனலுக்கு ஒயரிங் செய்கிறேன். வீட்டில் கரண்டு வேலை என்றால் யார் கை வைப்பது என்பதில் எப்போதும் ஒரு இழுபறி உண்டு. இந்த முறை அவர் முந்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை புது டைமர் வாங்கிவந்து, மெயினை அணைத்து, பழையதில் எந்த ஒயர் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் மாட்டினார்.

"கூட வந்த பேப்பர்ல படம் போட்டிருக்கான், ஒரு தடவ பாருங்க" என்றேன்.

"இதுக்கெல்லாம் படம் எதுக்கு?"

மறுநாள் காலை அவர் குளிக்கப் போனார். முதல் இரண்டு சொம்பு சூடாக வந்ததாம். சோப்புப் போட்டு முடித்தபோது குழாயில் வந்தது ஐஸ் தண்ணீர். பல் தந்தியடிக்க வெளியே வந்து, "கரண்டு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

கல்லாவியிலிருந்து மாமனார் வந்திருந்தார். அவர் பத்து மணிக்குக் குளித்தார். வெகுநேரம் குளித்துவிட்டு, முகம் சிவந்து வெளியே வந்தார்.

"ஏம்மா, எவ்ளோ ஊத்தினாலும் சுடுதண்ணி வந்துக்கினே இருக்குது. நல்ல மெசினும்மா."

எனக்குப் பொறி தட்டியது. அந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிப்ட். மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தேன். டைமரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முனைகள். ஒன்றில் மாட்டினால் குறித்த நேரத்தில் மட்டும் கீசர் ஓடும். மற்றதில் மாட்டினால் குறித்த நேரம் தவிர நாள் முழுக்க ஓடும். புது டைமரில் அந்த இரண்டும் இடம் மாறியிருந்தன. ஒயரைக் கழற்றிச் சரியான முனையில் மாட்டினேன். கணவரிடம் சொன்னால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார் என்று சொல்லாமலே வேலைக்குப் போனேன்.

அவரோ பஸ்ஸில் வரும்போதே யோசித்திருக்கிறார். டைமர் தலைகீழாக ஓடுகிறது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. மூடியைத் திறந்தால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் இல்லையா? அதனால் நேரத்தையே தலைகீழாக மாற்றி வைத்திருக்கிறார். குளிக்கிற நேரம் ஆஃப், மற்ற நேரமெல்லாம் ஆன். அவரும் என்னிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த காலை மறுபடியும் உடம்பெல்லாம் சோப்பு, குழாயில் ஐஸ் தண்ணீர். துண்டைக் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார்.

"டைமர்ல கை வச்சியா?"

"ஒயரு மாத்தினேன். நீங்க?"

நுரை முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"டைம மாத்தினேன்."

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் நடுங்கிக்கொண்டே சிரித்துவிட்டார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

"அது பாட்டுக்கு நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு. ஏன் ரெண்டு பேரும் நோண்டறீங்க?"

அடுப்பில் வெந்நீர் வைத்துக் கணவரின் சோப்பைக் கழுவ வேண்டியதாயிற்று. பிறகு இருவரும் சேர்ந்தே நின்று சரிசெய்தோம். விடிகாலைக்கு ஒன்று, மாமனாருக்காகப் பத்து மணிக்கு ஒன்று என்று இரண்டு நேரம் வைத்தோம்.

புதன்கிழமை ஊருக்குப் போவதாகச் சொல்லியிருந்த மாமனார் போகவில்லை. மாமியார் போன் செய்து எப்போது வருகிறீர்கள் என்று கேட்டபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இங்க கரண்டு வேல நடக்குது. நான் இல்லன்னா இதுங்க ரெண்டும் ஒழுங்கா செய்யாது" என்றார், தலையைத் துவட்டிக்கொண்டே.