மூலிகைப் பொடி

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தபோது நான் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தேன். காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகள் அத்தனைக்கும் ஒரே பைப். அந்த வருடம்தான் என் வீட்டுக்காரருக்குத் தீராத தாகம் பிடித்தது. குடிக்க மட்டுமே ஒரு நாளைக்கு இரண்டு வாளி போகும். குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் அப்படியே வெளியேறும். பாயும் துணியும் அலச மேலும் நான்கு வாளி. அவர் புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் கண்டக்டர். வழியில் நாலு இடத்தில் பஸ்ஸை நிறுத்திப் புதர் பக்கம் ஓடுவார். "கண்டக்டர் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போறாரு" என்று பயணிகள் கேலி செய்வார்களாம். வீட்டுக்கு வந்து அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது, தோள் வலிக்கும்.

இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை நோய், என்றார்கள் அக்கம்பக்கத்தில். கொல்லை மண்ணில் அவர் சிறுநீர் போன இடத்தை இரண்டு நாள் பார்த்தேன். ஓர் எறும்புகூட வரவில்லை. அப்படியானால் நோய் இல்லை, வெறும் பழக்கம் என்று முடிவு கட்டினேன். அவருக்கு லீவு நாள் ஒன்றில் பானையைக் கவிழ்த்துவிட்டு, "இன்னைக்கு ஒரு பகல் வாயக் கட்டுங்க, சரியாயிடும்" என்றேன். அவரும் தலையாட்டினார். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற மனிதர். மதியம் பார்த்தால், துணிக்கு நீலம் போட்டு வைத்திருந்த வாளியில் முகத்தைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, யாரென்று கேட்டார்.

பேச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் சொன்னதை அங்கே டாக்டருக்கு உதவியாக இருந்த தமிழ் டிரசர் எனக்குத் தனியாக விளக்கினார்.

"மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கும்மா. தண்ணிய உடம்புல நிறுத்தி வைன்னு சொல்ற சுரப்பு அங்கேருந்துதான் வருது. இவருக்கு அது வரல. தண்ணிய நிறுத்தினா ஆளே போயிடுவாரு."

பிறகு சிறு சீசா ஒன்றைக் கொடுத்தார். உள்ளே பொடி. ஒரு நாளைக்கு மூன்று வேளை மூக்கில் இழுக்க வேண்டும். எதில் செய்தது என்று கேட்டேன்.

"மாட்டுத் தலையிலேருந்து எடுக்கிற அதே சுரப்பிதான். காய வச்சு இடிச்சிருக்காங்க."

என் வீட்டுக்காரர் மாட்டிறைச்சி வெட்டுகிற கடைப்பக்கம்கூட நடக்காதவர்.

பொடி வேலை செய்தது. தும்மித் தும்மிக் கண் சிவந்தாலும் குடிப்பது இரண்டு செம்போடு நின்றது. பிழைத்து வந்ததற்காகக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று அவர் நேர்ந்துகொண்டார். விரதம் தொடங்கிய காலையில் சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இது எதுல செஞ்சது? விரதத்துல இழுக்கலாமா?"

உண்மையைச் சொன்னால் சீசாவைக் கீழே வைத்துவிடுவார். மறுபடி அந்த நீல வாளிதான்.

"மூலிகைங்க. டிரசர்கிட்டயே கேட்டுட்டேன்."

அவர் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பொடியை இழுத்தார். விரதம் முடியும்வரை தினமும் அவர் உள்ளங்கையில் பொடியைக் கொட்டியவள் நான்தான்.

பால்குடத்தன்று செம்பில் தண்ணீரோடு அவர் பின்னால் நடந்தேன். கோயில் வாசலில் என் கால் நின்றுவிட்டது. பொய் சொன்ன வாயோடு உள்ளே போக எனக்குத் துணிவில்லை. ஒருமுறை என் பிடிவாதத்தால் அவரைக் கொல்லப் பார்த்தவள், இப்போது விரதத்தையும் கெடுத்திருக்கிறேன். அவர் மட்டும் உள்ளே போனார்.

திரும்பி வந்து என் நெற்றியில் திருநீறு பூசினார்.

"உள்ள வந்திருக்கலாமே?"

"கால் வலிக்குதுங்க."

"தண்ணி தூக்கித் தூக்கி உனக்கு இந்த வலி. எல்லாம் என்னாலதான்" என்றார்.

நான் செம்பை நீட்டினேன். ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு, போதும் என்று திருப்பிக் கொடுத்தார்.